ஜி13 என்றால் எந்தக் கட்டையை விடுவது?

சிரட்டை61:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் எங்கள் ஊர். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு, சாயங்காலம் கீபோர்டு. மழை பெய்து வெட்டு நின்றுபோனால் பகல் முழுக்கக் கீபோர்டுதான். வைத்திருப்பது யமஹா பிஎஸ்ஆர் ஐ500, 61 கட்டை. சபையில் 11 வருடமாக வாசிக்கிறேன். சொல்லித் தந்தவர் எங்கள் கொயர் மாஸ்டர். அவர் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று பாடும் முறை) காலத்து ஆள். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நான்கு குரலையும் தனித்தனியாகப் பாடிக் காட்டிவிட்டுத்தான் கட்டையைத் தொட விடுவார். கார்டில் (பல கட்டையை ஒன்றாக அமுக்கும் பிடி) சி, எஃப், ஜி7, ஏ மைனர், டி மைனர் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். அதைத் தாண்டினால் இருட்டு.

போன மாதம் கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வழக்கமாக வாசிக்கிறவருக்குக் காய்ச்சல், என்னைக் கூப்பிட்டார்கள். கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் அந்தப் பக்கத்துப் பையன்கள். நோட்டில் ஓர் இடத்தில் டி மைனர் 9, ஜி13, சி மேஜர் 9 என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்று விட்டு ஒன்று. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. ஜி13க்கு இடக்கையில் ஜி, பி, டி, எஃப். வலக்கையில் ஏ, சி, ஈ. ஏழு விரலையும் வைத்து ஒரே அமுக்கு. ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினில் கல் மாட்டிய மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மச்சி தலை நிமிர்ந்து பார்த்தார்.

பேஸ் வாசிக்கிற பையன் பக்கத்தில் வந்து, "அண்ணா, எல்லாங்கூட வேண்டா, குறச்சு மதி" என்றான், கொஞ்சம் போதுமாம். (திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நாம் எல்லாரும் அண்ணன்தான், சேட்டன் கிடையாது.) சரி, குறைக்கலாம், எதைக் குறைப்பது? அதைக் கேட்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அன்றைக்கு மீதிப் பாட்டு முழுவதும் ஜி7 போட்டே ஒப்பேற்றினேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். எங்கே பார்த்தாலும் ஏழு சுரத்தையும் அடுக்கிக் காட்டும் அட்டவணை. அதைத்தானே நான் வாசித்தேன்! இன்னும் சிலர் எக்ஸ்டென்டட் டாமினன்ட் என்று தலைப்பு போட்டுவிட்டு ஈ7, ஏ7, டி7, ஜி7 என்று வேறெதையோ பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

எனக்குத் தெரியவேண்டியது: எந்தக் கட்டையை விடலாம், எதை விடக்கூடாது? 2, 4, 6 என்று சொன்னால் போதாதா, எதற்கு 9, 11, 13? இன்னொன்று, என் கை சின்னது. கத்தி பிடித்துப் பிடித்துச் சுண்டுவிரலும் விரிய மாட்டேன் என்கிறது. ஒரு ஸ்தாயி எட்டும், அதற்கு மேல் ஒரு கட்டைகூட எட்டாது. இந்தக் கையோடு இதெல்லாம் ஆகுமா?

மெல்லடி:

ஜி7 போடுங்கள். சபையில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. 20 வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன்.

தோப்புக்காரன்:

மேலே நண்பர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்டவர் பாறசாலை மேடைக்குத் திரும்பப் போகவேண்டியவர்.

தம்பி, நான் கொழிஞ்சாம்பாறை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். கேரளம்தான், ஆனால் சந்தையில் தமிழ்தான். கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் ஒன்பது வருடம் பியானோ வாசித்தேன். காபி குடிப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. அந்த வேலைதான் எனக்கு 9, 11, 13 எல்லாம் சொல்லித் தந்தது. ஏழு சுரத்தையும் அமுக்கினால் அங்கே மேனேஜர் வந்து நிற்பார்.

முதலில் எண் விஷயம். 9 என்பது 2தான், 13 என்பது 6தான். ஏழைக் கழித்தால் வந்துவிடும். பிறகு ஏன் இரண்டு பெயர் என்றால், பெரிய எண் போட்டால் ஏழாம் சுரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஜி6 என்றால் ஜி, பி, டி, ஈ, அவ்வளவுதான், எஃப் இல்லை. ஜி13 என்றால் எஃப் இருந்தே ஆகவேண்டும். அதேபோல ஜி ஆட்9 என்று எழுதியிருந்தால் ஏ மட்டும் சேரும், எஃப் கிடையாது. வெறும் ஜி9 என்றால் எஃப் உண்டு. 'மேஜர்' என்ற சொல் நடுவில் வந்தால் எஃபுக்குப் பதில் எஃப் ஷார்ப், அது டாமினன்ட் வகையே இல்லை. நோட்டில் இந்தச் சின்னச் சின்னச் சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது எதை விடுவது. ஜி7ல் உயிர் இருப்பது இரண்டே கட்டையில்: மூன்றாவதான பி, ஏழாவதான எஃப். இரண்டுக்கும் இடையே ஆறு அரைச்சுரம், சரியாக அரை ஸ்தாயி. சேர்த்து அமுக்கிப் பாருங்கள், நிம்மதியில்லாமல் நிற்கும். பி மேலேறி சிக்குப் போகத் துடிக்கும், எஃப் இறங்கி ஈக்குப் போகத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் டாமினன்ட். சி மேஜர் ஸ்கேலில் உள்ள சுரங்களை மட்டும் வைத்து எந்த இடத்திலிருந்து அடுக்கினாலும், பெரிய மூன்றும் சின்ன ஏழும் ஒன்றாக அமைவது ஐந்தாம் இடத்தில் மட்டும்தான். ஆகவே பி, எஃப் இரண்டையும் விடக்கூடாது.

ஐந்தாவதான டியை விடலாம். அது கனம் கூட்டுமே தவிரப் புதிதாக ஒன்றும் சொல்லாது. உங்கள் மாஸ்டரிடம் கேளுங்கள், நான்கு குரலில் ஜி7 எழுதும்போது ஒரு சுரத்தை விடவேண்டி வந்தால் அவரும் டியைத்தான் விடுவார்.

ஜியையும் விடலாம். இதை முதலில் நான் நம்பவில்லை. ஜி கார்டில் ஜி இல்லாமலா? ஆனால் உங்கள் பக்கத்தில் பேஸ் கிதார் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதே அதற்குத்தானே. அவர் ஜியை வாசிக்க, நீங்களும் அதே இடத்தில் ஜியை அமுக்கினால் ஒரே வாசலில் இருவர் நுழைவது போல. அந்தப் பையன் "குறச்சு மதி" என்றதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

மீதிப் பாதி, பதினொன்றாவதான சி. அன்றைக்கு உங்களைக் காட்டிக்கொடுத்த கட்டை அதுதான். கீழே பி, அதற்கு ஒரு ஸ்தாயிக்கும் அரைச்சுரத்துக்கும் மேலே சி. இந்த இடைவெளி பக்கத்துக் கட்டைகளை ஒன்றாக அமுக்கியதைவிட மோசமாகக் கரகரக்கும். அதோடு, ஜி7 முழுக்கக் காத்திருப்பதே சி வருவதற்காகத்தான். முதலிலேயே சியைக் கொடுத்துவிட்டால் இலை போட்டதும் பாயசம் விளம்பின கதை. அதனால் 13 என்று எழுதியிருந்தாலும் வாசிக்கிறவர்கள் பொதுவாகப் பதினொன்றை விட்டுவிடுவார்கள். அட்டவணை போடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

ஆக ஜி13ல் மிஞ்சுவது எஃப், ஏ, பி, ஈ. நான்கு கட்டை, ஒரு கை.

இப்போது கீபோர்டில் உட்காருங்கள். உங்கள் 61 கட்டையில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சி நடு சி. அதை ஒட்டிக் கீழே இருக்கும் எஃபில் இடக்கைச் சுண்டுவிரலை வையுங்கள்.

டி மைனர் 9: எஃப், ஏ, சி, ஈ.
ஜி13: எஃப், ஏ, பி, ஈ.
சி மேஜர் 9: ஈ, ஜி, பி, டி.

முதல் இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். மாறுவது என்ன? சியில் இருந்த விரல் ஒரு கட்டை இறங்கி பிக்கு வருகிறது. அவ்வளவுதான், மற்ற மூன்று விரலும் அசையவே இல்லை! மூன்றாவதுக்குப் போகும்போது பி நிற்க, மற்ற மூன்றும் ஒவ்வொரு படி இறங்கும். எஃபிலிருந்து ஈ வரைதான் விரிப்பு, ஒரு ஸ்தாயிக்கும் குறைவு. உங்கள் கைக்கு அளவெடுத்துத் தைத்தது.

பில் எவன்ஸ், வின்டன் கெல்லி காலத்து ஜாஸ் பியானோக்காரர்கள் இடக்கையில் வைத்துக்கொண்டது இந்த மாதிரி அடிச்சுரம் இல்லாத பிடிகளைத்தான். அவர்களுக்குக் கை எட்டாமல் இல்லை. வலக்கை பாட்டு வாசிக்க இடம் வேண்டும், பேஸ்காரருக்குக் கீழே இடம் வேண்டும்.

பேஸ் இல்லாமல் தனியாக வாசிக்கும் நாளில் இடக்கையில் ஜி, அதன் மேல் எஃப். வலக்கையில் பி, ஈ, ஏ. ஐந்து கட்டைதான், ஆனால் நல்ல விசாலமாகக் கேட்கும். கீழ்ப்பகுதியில், இடமிருந்து இரண்டாவது சிக்குக் கீழே, நெருக்கமான கட்டைகளைச் சேர்த்து அமுக்காதீர்கள். சேற்றுத்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அங்கே ஒற்றைச் சுரம், அல்லது ஸ்தாயி, அல்லது இப்போது சொன்ன மாதிரி அகலமான ஏழு.

இதில் கை பழகியதும் ஒவ்வொரு விரலாக நகர்த்துங்கள். ஈயை டிக்கு இறக்கினால் ஜி9. அப்புறம் ஏயை ஏ ஃப்ளாட்டுக்கு இறக்கினால் எஃப், ஏ ஃப்ளாட், பி, டி. இது ஜி7 ஃப்ளாட் 9. ஆனால் கட்டையைப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்த டிமினிஷ்ட்தான்! பேஸில் ஜி வந்ததும் அதற்கே வேறு பெயர். எனக்கு இது தெரிந்த நாளில் மேனேஜர் இருக்கிறாரா என்று பார்க்காமல் நாலு தரம் வாசித்தேன்.

ஜி11 வந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே சி வேண்டும், ஆகவே பியை விடவேண்டும். பேஸில் ஜி, கையில் எஃப் மேஜர்: எஃப், ஏ, சி. இதை ஜி9 சஸ்4 என்றும் எழுதுவார்கள். கிறிஸ்தவ காஸ்பல் பாட்டு வாசிக்கிறவர்களுக்குப் பழகின பிடி. அதில் சியை பிக்கு இறக்கினால் மறுபடி ஜி9. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஈ7, ஏ7 கேள்விக்கு அப்புறம் வருகிறேன், கடையில் ஆள் வந்திருக்கிறது.

சிரட்டை61:

அண்ணா, ரொம்ப நன்றி. ஆனால் எனக்கு வேலை செய்யவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே எஃப், ஏ, சி, ஈ வைத்தேன். கீபோர்டே பின்னணி வாசிக்கும் ஸ்டைலில் ஒரு பாலட் ஓடவிட்டேன். திரையில் எஃப் மேஜர் 7 என்று காட்டுகிறது, பேஸும் எஃப் எஃப் என்றே போகிறது. ஜி13 வைத்தால் அதற்கும் சம்பந்தமில்லாத பெயர். டி எங்கேயும் வரவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

தோப்புக்காரன்:

தப்பு உங்களிடம் இல்லை, ஸ்டைலை நிறுத்துங்கள். எஃப், ஏ, சி, ஈ என்றால் அந்த நான்கு கட்டைக்கு எஃப் மேஜர் 7 என்பதும் நியாயமான பெயர்தான். பேஸில் டி இருந்தால்தான் அது டி மைனர் 9. கீபோர்டு உங்கள் கையை மட்டும் பார்க்கிறது, பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்ப்பதில்லை.

ஸ்டைல் இல்லாமல், டோன் பியானோவோ எலக்ட்ரிக் பியானோவோ வைத்து, இந்த நான்கையும் வலக்கையில் பிடியுங்கள், இடக்கையால் கீழே டி, ஜி, சி ஒற்றைச் சுரமாக வாசியுங்கள். காது பழகட்டும். பிறகு பிடியை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். சஸ்டெயின் பெடல் இருந்தால் கார்ட் மாறும்போதே எடுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். அழுத்தியே வைத்திருந்தால் சியும் பியும் கலந்து பழைய கதைதான்.

டிரான்ஸ்போஸ் பட்டன் பழக்கம் இருந்தால் இந்தப் பயிற்சிக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். சியில் கை சரியானதும் எஃபிலும் ஜியிலும் விரல் நகர்த்தியே போடுங்கள். எஃபுக்கு: ஜி மைனர் 9, சி13, எஃப் மேஜர் 9. இது மட்டும் கீழே இறங்கினால் சேறாகும் என்பதால் பிடியைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பி ஃப்ளாட், டி, எஃப், ஏ. பிறகு பி ஃப்ளாட், டி, ஈ, ஏ. பிறகு ஏ, சி, ஈ, ஜி. நடு சியை ஒட்டியே நின்றுவிடும். பார்த்தீர்களா, தலைகீழாகவும் ஆகவில்லை, அதே பிடிதான், சொல்லும்போது நானே குழம்பிவிட்டேன். பி ஃப்ளாட்டில் தொடங்குங்கள், போதும்.

வில்லடி_டீச்சர்:

தம்பி, நான் தக்கலைப் பக்கம். வயலின் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கார்ட் எல்லாம் எனக்கு எட்டாத விஷயம் என்று நினைத்திருந்தேன். என் பேரன் கீபோர்டு பழகுவதால் இங்கே படிக்க வந்தேன்.

நீங்கள் அடுக்கிய ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்ற ஏழையும் ஜியை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். ஹரிகாம்போஜி, 28வது மேளம் (தாய் ராகம்). சி மேஜர் என்று நீங்கள் சொல்வது எங்களுக்குச் சங்கராபரணம், 29வது. சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஸட்ஜமாக மாற்றினால் ஹரிகாம்போஜி வரும் என்று கிரகபேதத்தில் சொல்லிக் கொடுப்போம். உங்கள் டாமினன்ட்டும் ஐந்தாம் இடத்தில்தான் பிறக்கிறது என்று அந்தக் கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு.

அப்படியானால் 9 என்பது மேல்ஸ்தாயி ரிஷபம், 11 மத்யமம், 13 தைவதம். நீங்கள் விட்டுவிடச் சொல்வது மத்யமத்தை. காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுத்த மத்யமத்தையும் நிறுத்தினால் இடிக்கும்தான். ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும்போது அந்த மத்யமம்தான் அழகு, ஒரே நேரத்தில் வந்தால் சண்டை.

பேரன் சொல்கிறான், பதினொன்றை அரைச்சுரம் உயர்த்தி ஷார்ப் 11 என்று வாசிப்பார்களாம், அது இடிக்காதாம். உயர்த்தினால் பிரதி மத்யமம், ராகம் வாசஸ்பதி, 64வது. வயலினில் இழுத்துப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. மைனருக்குப் போகும்போது ஃப்ளாட் 9, ஃப்ளாட் 13 என்று போடுவதும் அப்படியே: கீரவாணியின் பஞ்சமத்திலிருந்து பாடினால் வகுளாபரணம், 14வது. ரிஷபமும் தைவதமும் சின்னதாகிவிடும். பெயரை மனப்பாடம் செய்வதைவிட ஆரோகணம் அவரோகணம் பாடிவிட்டுக் கட்டையில் தேடுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சோல்ஃபா பாடிப் பழகிய தொண்டைதானே.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. ராகத்தில் அமைந்த பழைய கீர்த்தனைகளுக்குக் கீழே இந்த 13 எல்லாம் போடாதீர்கள். காம்போஜியில் பாடுகிறவர் தைவதத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதே தைவதத்தை ஆணி அடித்த மாதிரி நிறுத்தினால் அவர் எங்கே போவார்? அங்கே ஸட்ஜமும் பஞ்சமமும் போதும்.

சிரட்டை61:

டீச்சர், நீங்கள் சொன்னதைப் பாடிப் பார்த்தேன். 13 என்றால் 'த' என்று தெரிந்ததும் தேட வேண்டியதே இல்லாமல் போயிற்று. கீர்த்தனைக்கு இனி ஜி7கூடப் போட மாட்டேன், பயமாக இருக்கிறது. மாஸ்டரிடம் ஹரிகாம்போஜி கதையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அண்ணா, அந்த ஈ7, ஏ7 விஷயம்?

தோப்புக்காரன்:

டீச்சருக்கு என் வணக்கம். ஹோட்டலில் ஒன்பது வருடம் வாசித்தும் எனக்கு அந்தக் கிணறு தெரியாது.

தம்பி, ஒரே பெயரில் இரண்டு ஆள். 9, 11, 13 என்று மேலே கட்டையைச் சேர்ப்பது ஒன்று, கார்ட் உயரமாகிறது. இன்னொன்று அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரிப் பாடமுறையில் எக்ஸ்டென்டட் டாமினன்ட் என்று சொல்வது. அதில் நீள்வது வரிசை. ஈ7 போய் ஏயில் முடியவேண்டும். ஆனால் அந்த ஏயும் மைனராக இல்லாமல் இன்னொரு டாமினன்ட்டாக நிற்கிறது, அது டிக்குப் போகிறது, அதுவும் டாமினன்ட், பிறகு ஜி7, கடைசியில்தான் சி. பஸ்ஸை விட்டு இறங்கினால் அங்கே இன்னொரு பஸ் தயாராக நிற்கிற மாதிரி; வீட்டுக்குப் போய்ச் சேர நேரமாகும். ராக்டைம் காலத்திலிருந்தே அமெரிக்கப் பாட்டுகளில் இந்த வரிசை உண்டு.

கையில் செய்து பார்த்தால் கணக்கே வேண்டாம். வலக்கையில் இரண்டு கட்டை மட்டும், மூன்றும் ஏழும்.

பேஸ் ஈ: டி, ஜி ஷார்ப்.
பேஸ் ஏ: சி ஷார்ப், ஜி.
பேஸ் டி: சி, எஃப் ஷார்ப்.
பேஸ் ஜி: பி, எஃப்.

இரண்டு விரலும் விறைப்பாக அப்படியே நிற்க, கை மட்டும் ஒவ்வொரு கட்டையாகக் கீழே வழுக்குகிறது. ஒரு கார்டில் ஏழாக இருந்த விரல் அடுத்ததில் மூன்றாகிறது, மூன்றாக இருந்தது ஏழாகிறது. இறங்குவது அரைச்சுரம்தான், பேஸ்தான் தாவித்தாவிப் போகிறது. கடைசியில் பி மேலேறி சி, எஃப் இறங்கி ஈ. வீடு வந்தாயிற்று.

இந்த இரண்டு விரலுக்கு நடுவிலும் மேலேயும் 9, 13 சேர்த்துக்கொண்டால் இரண்டு 'எக்ஸ்டென்டட்'டும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஈ13க்கு டி, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப். ஏ9க்கு சி ஷார்ப், ஈ, ஜி, பி. டி13க்கு சி, ஈ, எஃப் ஷார்ப், பி. ஜி9க்கு பி, டி, எஃப், ஏ. 13, 9, 13, 9 என்று மாறிமாறி வருவது அலங்காரத்துக்காக இல்லை, கை நகராமல் இருப்பதற்காக. மெதுவாக, ஒரு கார்டுக்கு நாலு எண்ணிக்கை.

மெல்லடி:

நான் இதை இன்று வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. 20 வருடத்தைத் திருப்பித் தர முடியுமா?

சிரட்டை61:

நேற்று பாறசாலையில் பிராக்டிஸ். மழை என்பதால் காலையில் வெட்டு இல்லை, பகல் முழுக்கப் பழகிவிட்டுப் போனேன். ஒரு வீட்டு மாடியில்தான் வைத்திருந்தார்கள். இடைவேளையில் மரச்சீனியும் மீன்கறியும், கட்டன் சாயாவும். எல்லாம் பிறகுதான், முதலில் அந்தப் பாட்டு.

எஃப், ஏ, சி, ஈ வைத்தேன். ஒரு விரலை இறக்கினேன். டிரம்ஸ் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பேஸ் பையன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை அதே இடம் வந்தபோது நான் அதே எஃப், ஏ, பி, ஈ தான் வைத்தேன், ஆனால் சத்தம் வேறாக இருந்தது. ஏதோ இருட்டின மாதிரி, ஆனால் தப்பாக இல்லை. உடனே சியில் வந்து இறங்கிவிட்டது. நான் ஒரு கட்டையும் மாற்றவில்லை, சத்தியமாக. பேஸ் பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கேட்டால், "ஜி அல்ல அண்ணா, டி ஃப்ளாட்" என்றான். ஜி இருக்கவேண்டிய இடத்தில் டி ஃப்ளாட் எப்படி வரும்?

தோப்புக்காரன்:

கெட்டிக்காரப் பையன். உங்கள் கையிலுள்ள எஃபையும் பியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி7க்கு பி மூன்று, எஃப் ஏழு. டி ஃப்ளாட்டிலிருந்து எண்ணினால் எஃப் மூன்று, பி ஏழு. அரை ஸ்தாயி இடைவெளி என்பதால் இரண்டு பேருக்கும் அதே இரண்டு கட்டை பொது, வேலைதான் மாறிப்போகிறது. உங்கள் ஏயும் ஈயும் டி ஃப்ளாட்டுக்கு ஃப்ளாட் 13, ஷார்ப் 9 ஆகிவிடும், அந்த இருட்டு அதுதான். பேஸும் டி, டி ஃப்ளாட், சி என்று படியிறங்கும். டிரைடோன் சப்ஸ்டிட்யூஷன் என்று பெயர். நீங்கள் ஜியை விட்டதால்தான் அவனால் அதைச் செய்ய முடிந்தது. ஜியை அமுக்கியிருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

சிரட்டை61:

இப்போது மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன், இடக்கையில் டி, டி ஃப்ளாட், சி. வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று, ஹெட்ஃபோனில்தான். மழையும் விட்டிருக்கிறது, நாளை நாலு மணிக்கு வெட்டு. ஞாயிறு கழிந்து எழுதுகிறேன் அண்ணா.